உப்புப் பொட்டலத்தின் மேல் ஓர் எண்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் மஞ்சூரில் துவைத்த துணி காயாது, தீக்குச்சி பற்றாது, அடுக்களையில் உப்பு நீர்விடத் தொடங்கிவிடும். கல் உப்பு போட்டு வைத்த ஜாடியின் அடியில் காலையில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதை வடித்து ஊற்றிவிட்டு மேலே இருக்கும் உப்பை எடுத்துச் சமைப்பார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். அதை நான் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஊட்டச்சத்து பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும், அதற்காகத்தான் உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள் என்று சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "உப்புல இருந்து ஓடுற தண்ணியில அயோடினும் சேந்து போயிடுமா டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுத் தலைப்பு தேடும் காலம் அது. 1993 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் இந்த மாநாட்டில் 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள், தங்கள் ஊரில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, தங்கள் மொழியிலேயே ஆய்வு செய்து சமர்ப்பிக்கலாம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உடல்நலம் சார்ந்த தலைப்பு என்றால் நாம் என்ன செய்கிறோம் என்பதும் தெரியும். நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுப்போம். எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய், எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் என்று வட்ட விளக்கப்படம் வரைவோம். விழிப்புணர்வு தேவை என்று முடிப்போம். பல நேரங்களில் முடிவை எழுதுவது ஆசிரியர், மனப்பாடம் செய்வது பிள்ளை. நானும் இதைச் செய்திருக்கிறேன். அதைவிட மோசமான ஒன்றையும் செய்திருக்கிறேன். உப்புக்கு வருவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்போது பணியாற்றிய பள்ளியில், வளரிளம் பெண்களின் ரத்தசோகை என்று ஒரு தலைப்பு எடுத்தோம். வாரந்தோறும் பிள்ளைகளுக்கு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் நடப்பதால் தலைப்பு பொருத்தமாகப் பட்டது. மருத்துவக் குழு வந்து ஹீமோகுளோபின் அளவு பார்த்தபோது அந்த எண்களை நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "நம்ம பிள்ளைகள்தானே" என்ற எண்ணம். எங்கள் குழு அதை அழகான பட்டை வரைபடமாக வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டியது. பெயர் எழுதவில்லை, முதலெழுத்துகள் மட்டும்தான். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் முதலெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மிகக் குட்டையான பட்டைக்கு உரிய பெண்ணுக்கு இரண்டே நாளில் ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. அவள் ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. பத்தாம் நாள் அவளுடைய பாட்டி வந்தார். "எங்க புள்ளைக்கு நோயின்னு செவுத்துல எழுதிப் போட்டீங்களாமே டீச்சர்? நாளைக்கு அவளை யாரு கட்டிக்குவாங்க?"

அந்த ஆய்வு மாவட்ட அளவில் தேர்வானது. சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை.

நம் மாவட்டத்தில் இது கூடுதல் கவனம் தேவைப்படும் விஷயம். அரிவாள் செல் பண்பு இந்தியாவில் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952இல் வெளியிட்டது நீலகிரி மலைவாழ் மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்த பிறகுதான். அறிவியலுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அதே செய்தியை இன்று ஒரு பள்ளிக் குழு "எங்கள் ஊரில் இந்த இனத்தில் இத்தனை பேர்" என்று அட்டையில் எழுதிக் கண்காட்சியில் வைத்தால், அந்த இனத்துப் பிள்ளை எந்த முகத்தோடு அதன் முன் நிற்கும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஆய்வில் சேர்க்கப்படும் சிறாரின் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது என்கின்றன. 7 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளையிடம் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை உள்ள பிள்ளையிடம் எழுத்து இசைவும் வாங்க வேண்டும். இவை பள்ளிச் செயல்திட்டங்களுக்கென்று எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் மருத்துவக் கல்லூரியில் கேட்க வேண்டிய அனுமதியை எட்டாம் வகுப்பில் கேட்கத் தேவையில்லை என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

ஆகவே உப்புக் கேள்வி வந்தபோது எனக்கு ஒரு நிம்மதி. உப்பைச் சோதிக்கலாம். யார் விரலிலும் ஊசி குத்த வேண்டாம், யார் கழுத்தையும் உற்றுப் பார்க்க வேண்டாம்.

கேள்வி கேட்ட மாணவியும் அவள் தோழியும் சேர்ந்து இருவர் குழுவானார்கள். முதலில் உருளைக்கிழங்கு. வெட்டிய கிழங்கின் மேல் உப்பைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால், அயோடின் உப்பாக இருந்தால் நீலம் வரும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டுச் சோதனையாகச் சொல்கிறது. நீலகிரியில் கிழங்குக்குப் பஞ்சமா? நீலம் வந்தது. சில நேரம் வரவில்லை. சாறு கூடுதலாக விழுந்தபோது வந்த நீலமும் மறைந்துபோனது. "டீச்சர், எலுமிச்சைதான் கலரைக் கொண்டு வருது, அதுவே அழிக்குது" என்றாள் தோழி. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி ஒரு ஒடுக்கும் பொருள். உப்பில் உள்ள அயோடேட்டை அயோடினாக மாற்றுவதும் அதுதான், அளவு மிஞ்சினால் அந்த அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடுவதும் அதுதான். ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஆனால் அளந்து ஒப்பிட இந்த முறை உதவாது.

அடுத்து ஆய்வகத்துக்குப் போனோம். நம் நாட்டு உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். வெறும் கஞ்சித் தண்ணீரை ஊற்றினால் அது நிறம் தராது. பொட்டாசியம் அயோடைடு கரைசலும் சில சொட்டு நீர்த்த அமிலமும் சேர வேண்டும். அமிலச் சூழலில் ஓர் அயோடேட் அயனி ஐந்து அயோடைடு அயனிகளுடன் வினைபுரிந்து மூன்று அயோடின் மூலக்கூறுகளை விடுவிக்கும். அந்த அயோடின் கஞ்சியில் உள்ள ஸ்டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நீலமாகும். வெள்ளை ஓட்டில் உப்பை மட்டமாக ஒரு கரண்டி பரப்பி, சொட்டுக்குழலால் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் சொட்டு விட்டோம். அமிலத்தை மட்டும் நான் விட்டேன்.

எல்லா உப்பும் நீலமானது. பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. நானும் "நம் ஊரில் எல்லா உப்பும் நல்ல உப்பு" என்று எழுதச் சொல்லியிருப்பேன். அதற்குள் அந்த மாணவி, அயோடின் இல்லாத உப்பு என்ன நிறம் காட்டும் என்று பார்க்க வேண்டாமா என்றாள். ஆய்வக சோடியம் குளோரைடை எடுத்துப் போட்டோம். அதுவும் நீலம்!

குற்றவாளி என் அலமாரியில் இருந்தது. அயோடைடு கரைசலை முந்தைய ஆண்டே தயாரித்து வெள்ளைப் பாட்டிலில் சன்னலோரம் வைத்திருந்தேன். வெளிச்சமும் காற்றும் பட்டு அதிலேயே அயோடின் உண்டாகி, கரைசல் லேசாக மஞ்சளித்திருந்தது. புதிதாகக் கரைத்தபின் சோடியம் குளோரைடு வெள்ளையாகவே நின்றது. ஒப்பீட்டு மாதிரி எதற்கு என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அன்று அது இல்லாமல் போயிருந்தால் ஒரு பொய்யை மாவட்டத்துக்கு அனுப்பியிருப்போம். புதுக் கரைசலைப் பழுப்பு நிற மருந்துப் பாட்டிலில் ஊற்றி இருட்டில் வையுங்கள், தேவைக்குமேல் கரைக்காதீர்கள்.

பிறகு வீடுகளிலிருந்து உப்பு கேட்டோம். பெற்றோருக்குத் தமிழில் அரைப் பக்கத்தில் ஒரு கடிதம்: இரண்டு கரண்டி உப்பு வேண்டும், எதற்கு என்பது இது, விருப்பமில்லை என்றால் வேண்டாம். 46 வீடுகளுக்குக் கடிதம் போனது, 44 வீடுகள் கொடுத்தன. மற்ற இரண்டு வீடுகளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சிறு உறையில் உப்பு வந்ததும் பெயரை எடுத்துவிட்டு மேலே ஓர் எண் எழுதினோம். எந்த எண் யார் வீடு என்ற நோட்டு தலைமையாசிரியர் அறை பீரோவுக்குப் போய்விட்டது. உறையை வாங்கி எண் போட்டவள் ஒருத்தி, சொட்டு விட்டு நிறம் பார்த்தவள் இன்னொருத்தி.

அந்தப் பாட்டியின் குரல் காதில் இருந்ததால்தான் நான் எண் போடச் சொன்னேன். இன்னொரு பயன் இருப்பது பிறகுதான் புரிந்தது. ஒரு நாள் சோதித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள், "இது யாரு வீடுன்னு தெரிஞ்சா, எனக்குப் பிடிச்சவங்க வீடா இருந்தா, கொஞ்சம் டார்க்குன்னு எழுதிடுவேன் போல டீச்சர்." மருந்து ஆராய்ச்சியில் எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரிடமே மறைத்து வைப்பார்கள் என்று பட்டப்படிப்பில் படித்திருக்கிறேன். அதை என் மாணவி உப்பு உறையைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் தன்னிடம் இருந்த உப்புப் பரிசோதனைப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அதில் நிற அட்டை இருப்பதால் தோராயமாக அளவும் சொல்லலாம். கடையில் விற்கும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி, உற்பத்தியாகும் இடத்தில் 30 பங்கு. இந்தப் 15 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போடச் சொன்னேன். ஒரு கிலோவில் 15 மில்லிகிராம், பத்து கிராமில் 150 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடின் அவ்வளவுதான். (ஒரு பையன், "அப்ப உப்பை அள்ளிப் போட்டா நல்லதா?" என்றான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அயோடினுக்காக உப்பைக் கூட்டக் கூடாது, உப்பில் அயோடின் சரியாக இருக்க வேண்டும். இதை வீட்டில் போய்ச் சொல்லும்படி அழுத்திச் சொன்னேன்.)

44இல் 29 தூள் உப்பு, 15 கல் உப்பு. தூள் உப்பில் ஒன்றைத் தவிர எல்லாமே அடர் நிறம் காட்டின. கல் உப்பில் 6 அடர் நிறம், 5 வெளிர் நிறம், 4 நிறமே இல்லை. இது எங்கள் வகுப்பு வீடுகளின் கணக்கு மட்டும், மஞ்சூரின் கணக்குகூட அல்ல என்று முதல் பக்கத்திலேயே எழுதினோம்.

நிறமே காட்டாத அந்த நான்கில் ஒரு வேடிக்கை. நோட்டைத் திறந்து அந்த வீடுகளில் மட்டும் நான் தனியாகப் பேசினேன். இரண்டு வீடுகளில் மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த மூட்டையிலிருந்து உப்பைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்! படுகர் ஊர்களில் மாட்டுக்கு உப்புநீர் கொடுக்கும் உப்பு ஹட்டுவ பண்டிகையே உண்டு. தோடர்களும் எருமைகளுக்கு உப்பு கொடுப்பதைச் சடங்காகச் செய்கிறவர்கள். மனிதர் நேரடியாக உண்ண விற்கும் உப்பில்தான் அயோடின் கட்டாயம், கால்நடை உப்புக்கு அந்த விதி இல்லை. நாங்கள் உப்பு வேண்டும் என்றுதான் எழுதினோம், எந்த உப்பு என்று எழுதவில்லை. அந்த இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா என்று இருவருக்கும் இடையே அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் எடுக்கவில்லை. அருகில் குறிப்பு எழுதினார்கள்.

முதல் கேள்விக்கும் விடை தேடினோம். ஒரே கல் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, மூடிய பாட்டிலில் ஒரு பங்கு, திறந்த கிண்ணத்தில் ஒரு பங்கு, அடுப்பு மேடையில் ஒரு பங்கு. நான்கு வாரங்கள், வாரம் ஒரு சோதனை. மூன்றின் நிறத்திலும் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு இல்லை. மாணவிக்கு ஏமாற்றம். "ஒண்ணுமே வரலையே டீச்சர்" என்றாள். திறந்து வைத்தால் அயோடின் பறந்துபோகும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அப்படியே எழுதிவிடலாமா என்று அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் ஒரு கணம் தோன்றியது. ஆனால் திறந்த கிண்ணத்தில் ஊறிய தண்ணீரைத் தனியே எடுத்துச் சோதித்தபோது அது நன்றாகவே நீலமானது. ஆக, அவள் கேட்டது சரி. வடித்து ஊற்றும் தண்ணீரோடு அயோடினும் போகிறது. எவ்வளவு போகிறது என்று சொல்ல எங்களிடம் கருவி இல்லை.

இந்த இடத்தில் நான் அவர்களைக் குன்னூருக்கு அழைத்துப் போனேன், கதையாகத்தான். 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்த மெக்காரிசன் குன்னூருக்கு வருமுன் கில்கிட் மலைப்பகுதியில் கழலையை ஆராய்ந்தவர். ஓடையின் கீழே போகப்போக ஊர்களில் கழலை கூடுவதைக் கணக்கெடுத்தார். அந்தத் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்தும் பார்த்தார். நீரில் உள்ள கிருமிதான் காரணம் என்று முடிவு செய்தார். கணக்கு சரி, துணிச்சலும் பெரிது, ஆனால் முதன்மைக் காரணம் அயோடின் குறைவு என்பது அவர் கைக்கு அகப்படவில்லை. அவ்வளவு பெரிய ஆளே தவறினாரா என்று பிள்ளைகள் வியந்தார்கள்.

அதே குன்னூர் ஆய்வுக்கூடத்தில் இளவயதில் பணியாற்றியவர் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. அவரும் குழுவினரும் 1956 முதல் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றில் அயோடைடு, மற்றொன்றில் அயோடேட். மூன்றாவது பகுதிக்குச் சாதாரண உப்பு. தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 38 விழுக்காட்டினருக்குக் கழலை இருந்தது. ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. சாதாரண உப்புப் பகுதியில் இறங்கவே இல்லை. அதன்பின் அங்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. நாடு முழுவதற்கும் அயோடின் உப்பு வந்ததற்கு இந்த ஆய்வு முக்கிய அடிப்படை. நம் நாட்டு ஈர உப்பில் அயோடைடைவிட அயோடேட் நிலைத்து நிற்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் கிண்ணங்கள் நிறம் மாறாததற்குக் காரணமும் இதுவே.

நான் பெருமையோடு சொல்லி முடித்தபோது மாணவி கேட்டாள், "மூணாவது ஊருப் புள்ளைங்களுக்கு ஆறு வருஷம் சும்மா உப்பா குடுத்தாங்க? தெரிஞ்சே?"

அப்போது இது நிச்சயமாகத் தெரியாது, நம் நாட்டு உப்பில் பலிக்குமா என்று அரசுக்குச் சான்று வேண்டியிருந்தது என்றேன். அது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பள்ளி மாணவிகளுக்கு அயோடின் கொடுத்துக் கழலையைத் தடுக்கலாம் என்று காட்டிவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் மறைக்காமல் சொன்னேன். "அப்ப அவங்ககிட்ட கேட்டாங்களா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் உண்மை தெரியாது என்று சோடியம் குளோரைடை வைத்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தக் குழுவில் இருப்பவர்கள் மனிதர்களாக இருந்தால் என்ன செய்வது என்று அவள் என்னைக் கேட்டாள்.

மாவட்ட மதிப்பீட்டில் நடுவர் ஒருவர், "உங்கள் ஊரில் எத்தனை பேருக்குக் கழலை இருக்கிறது என்று கணக்கெடுத்தீர்களா? அது இல்லாமல் இதில் மருத்துவம் எங்கே?" என்றார். நியாயமான கேள்விதான். "அதை டாக்டர்தான் பாக்கணும் சார். நாங்க பாத்தா ஊருல பேரு ஆயிடும். அதனால உப்பை மட்டும் பாத்தோம்" என்றாள். மாநில அளவுக்கு நாங்கள் தேர்வாகவில்லை. பிள்ளைகள் ஒரு நாள் அழுதார்கள்.

முடிவுகளை வீடுகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே செய்த ஏற்பாடு. ஒட்டிய உறையில், அவரவர் வீட்டு உப்பின் நிறமும் இரண்டு வரிகளும்: உப்பை மூடி வையுங்கள், கல் உப்பு வாங்கினால் பொட்டலத்தில் அயோடின் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தாய் பள்ளிக்கே வந்து தன் எண்ணைச் சொல்லி, இப்போது வேறு உப்பு வாங்கியிருக்கிறேன், மறுபடியும் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு சுருக்குப் பையை நீட்டினார். பார்த்துக் கொடுத்தோம்.

இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் வந்திருக்கிறார்கள். குழம்பு கொதிக்கும்போது போடும் உப்புக்கும் இறக்கியபின் போடும் உப்புக்கும் அயோடினில் வேறுபாடு உண்டா என்பது அவர்கள் கேள்வி. மஞ்சள் தூள் போட்ட குழம்பில் நீலத்தை எப்படிப் பார்ப்பது என்ற இடத்தில் நின்றுகொண்டிருக்கிறோம். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்க்கலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை அடுப்பு கொண்டுவருகிறோம்.